ஓட்னிக்கு யாரும் சும்மா உதவக் கூடாது

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுத் தூர்லைஃப் அள்ளி ஒதுக்கிவிட்டுப் போன பனியை நான் மறுபடி அள்ளி, அது கிடந்த இடத்திலேயே கொட்டினேன். ஐம்பத்து மூன்று வயதில், உறைகிற குளிரில், ஒரு மனுஷி செய்கிற வேலையா அது? ஆனால் செய்யச் சொன்னவள் ஓட்னி. நான் அவளுடைய உதவியாளர். அவளுக்குக் கையாகவும் காலாகவும் இருக்கத்தான் ஊராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது. பனியைத் திருப்பிக் கொட்ட வேண்டும் என்று அவள் நினைத்தால் கொட்டத்தான் வேண்டும்.

ஜன்னலை என்னைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி மேற்பார்வை வேறு.

"இடது பக்கம் மொட்டையா தெரியுது. இன்னும் ரெண்டு வாரி போடு."

"தூர்லைஃப் பாத்தா என்ன நெனைப்பாரு?"

"அவரு நெனைக்கிறது கோப்புல ஏறாது மார்கிட். அவரு அள்ளுறது ஏறும்."

வாசல் சரிவுப்பாதையில் பனி அகற்றுவது ஊராட்சியின் வேலை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர் நான்கு முறை செய்தால் 'அக்கம்பக்கத்தார் உதவுகிறார்கள்' என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்த பரிசீலனையில் அந்த வேலை கழன்று போகும். பக்கத்து ஹெர்வோய் தீவில் இது நடந்திருக்கிறது. பக்கவாதம் வந்த ஒருவருக்கு அண்ணன் மகள் வாரத்தில் இரண்டு நாள் சூப் கொண்டுபோனாள், பாவம், பாசத்தில். ஊராட்சி அவருடைய சாப்பாட்டு உதவியை நிறுத்திவிட்டது. அவருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கித் தந்தவள் ஓட்னிதான்.

அதனால் அவளுக்கு நல்ல மனிதர்களைக் கண்டால்தான் பயம். கெட்டவர்களைச் சமாளித்துவிடுவாள். மீன் வறுத்து எடுத்துக்கொண்டு வருகிறவளைத்தான் வாசலிலேயே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வாள். எங்கள் ஊருக்கு இது பெரிய அவமானம். படகுத்துறைக்குச் சாயம் அடிப்பதானாலும் பள்ளி மைதானத்தைக் கூட்டுவதானாலும் ஊரே சேர்ந்து காசு வாங்காமல் செய்வோம். டுக்னாட் என்று அதற்குப் பெயர். வராதவன் வீட்டில் யாரும் காப்பி குடிக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி, "எனக்கு யாரும் சும்மா உதவ வேண்டாம்" என்றால் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொன்னார்கள். முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் அவள் இருந்த முதியோர் இல்லத்தின் கதை தெரிந்தது. ஓட்னி படகு மாலுமியின் மகள். துறையில் சீட்டு கிழிக்கும் வேலை பார்த்தவள். இருபத்து மூன்று வயதில் காரணமில்லாமல் விழ ஆரம்பித்தாள். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இருபத்தாறில் அப்பா இறந்ததும், வேறு இடமில்லை என்று அவளை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சுற்றிலும் எண்பது வயதுக்காரர்கள். மாலை ஆறரைக்குப் படுக்க வைத்துவிடுவார்கள், பணியாளர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று. எங்கள் பக்கம் ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே மறையாது. முகத்தில் வெயில் அடிக்க, திரையை இழுக்கக் கை எழாமல், இரண்டு கோடைகள் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதன் பிறகுதான் சட்டத்தில் வழி வந்தது: உதவியாளரை அவளே தேர்ந்தெடுக்கலாம், வேலையை அவளே சொல்லலாம். சொந்தமாக ஒரு வீட்டுக்கு வந்தாள். வாரத்துக்கு அறுபத்தொரு மணி நேர உதவி. நானும் இன்னும் இரண்டு பெண்களும் பங்குபோட்டுச் செய்கிறோம்.

அந்த அறுபத்தொன்றில் கை வைக்கத்தான் பிப்ரவரியில் இங்குன் வந்தாள். அவள் ஊராட்சியின் விசாரணை அதிகாரி. தேவாலயப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். குரல் தேன். ஓட்னிக்கு அந்தக் குரல்தான் பிடிக்காது.

"பக்கத்துல எல்லாம் எப்படி? யாராவது எட்டிப் பாக்கறாங்களா?" என்று காலணியைக் கழற்றும்போதே கேட்டாள் இங்குன்.

"எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க. அவங்கவங்க ஜன்னல்லேருந்து."

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"பேச்சுக்குக் கேட்டதை மார்கிட் எழுதிக்குவா. திருப்பி ஒரு தடவை சொல்லுங்க, மெதுவா."

நான் எழுதிக்கொண்டேன். இங்குன் சிரித்தாள். மூன்று வாரத்தில் ஊராட்சி முடிவின் முன்வரைவு வந்தது. மாலை நேரமும் சனி ஞாயிறும் குறைக்கப்படும், அறுபத்தொன்று முப்பத்தாறாகும், வீட்டில் தொடர முடியாவிட்டால் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதே இல்லம். ஓட்னி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் காப்பி மேசை உண்டு; ஊரின் நாடாளுமன்றம் அதுதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன். தூர்லைஃப் அங்கே இருந்தார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நம்ம ஊரு செத்தா போச்சு?" என்றார். "சாயங்காலத்துக்கு ஆள் இல்லன்னா நாம போவோம். ஒரு தாள் எடுங்க."

தாளில் கோடு போட்டார். நாள், நேரம், பெயர். முதல் பெயர் யாருடையது என்று ஒரு கணம் எல்லோரும் தயங்கினார்கள். நான் பேனாவை வாங்கி எழுதினேன்: மார்கிட், ஞாயிறு மாலை. ஊரே அவள் பக்கம் நிற்கிறது என்று காட்டினால் ஊராட்சி பயப்படும் என்று நினைத்தேன். பதினொரு வருஷம் ஓட்னியோடு இருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். சனிக்கிழமைக்குள் பதினைந்து பெயர் சேர்ந்தது. தூர்லைஃப் அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்குனின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

இறுதி முடிவில் இருந்தது: 'கோப்பில் உள்ள பட்டியலின்படி, மாலை மற்றும் வார இறுதித் தேவைகள் ஊர் மக்களின் உதவியால் நிறைவேறும்.'

ஓட்னி மூன்று முறை என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"பட்டியலா? என்ன பட்டியல்? இங்குன்தான் தூண்டி விட்டிருக்கா. தூர்லைஃபை முன்னால தள்ளி விட்டுட்டு இவ பின்னால நின்னுருக்கா. ஜனவரியிலேயே திட்டம் போட்டாச்சு. பனி அள்ளுனது அதுக்குத்தான்."

"தூர்லைஃப் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன். நான்கு நாள் உண்மையைச் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் அவள் கடைக்காரியைச் சந்தேகப்பட்டாள், தபால்காரரைச் சந்தேகப்பட்டாள், வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான சனிக்கிழமைப் பெண்ணைச் சந்தேகப்பட்டாள். கேட்டுக்கொண்டு அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஓட்னி தன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்காமல் விடமாட்டாள். அது அவளுடைய உரிமை. வியாழக்கிழமைத் தபாலில் வந்தது. அன்று மாலை வேலைக்கு வந்த பெண் அதை அவள் முன்னால் விரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலை நான் வந்தேன். குளிப்பாட்டினேன். தலையை என் முழங்கையில் தாங்கி முடியை அலசினேன். காலுறை மாட்டினேன். ஒன்றரை மணி நேரம். அவள் முழு எடையும் என் கையில் இருந்தது, ஒரு முறைகூட அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பற்பசையைத் துடைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வருவியாமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். இங்குன் தூண்டவில்லை, யாரும் தூண்டவில்லை, என் வாய்தான் என்று சொன்னேன்.

"நீதானா. நான் ஊரையே சந்தேகப்பட்டேன், உன்னை மட்டும் விட்டுட்டேன் பாரு," என்றாள். பிறகு, "கணினியைத் திற. ஊர்க் கூடத்தைப் பதிவு பண்ணு. பதினஞ்சு பேரையும் காப்பிக்குக் கூப்பிடு," என்றாள்.

ஓட்னி காப்பிக்குக் கூப்பிடுகிறாள் என்றதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் வந்தார்கள். வாஃபிள் சுட்டு வைத்திருந்தேன். ஒருத்தரும் கை வைக்கவில்லை. ஓட்னி பட்டியலைத் தன் மடியில் வைக்கச் சொன்னாள்.

"எல்லாருக்கும் நல்ல மனசு. எனக்குத் தெரியும். அதனால நேரா கேக்கறேன். தூர்லைஃப், நீங்க புதன்கிழமை. புதன்கிழமை ஏழு மணிக்கு என்னைக் கழிப்பறைக்குக் கொண்டுபோகணும். தூக்கு இயந்திரத்துல மாட்டணும், ஜட்டியை இறக்கணும், அப்புறம் கழுவி விடணும். கையுறை நான் தரேன். வருவீங்களா?"

தூர்லைஃபின் காது சிவந்தது. "நான்... பேச்சுத்துணைக்குன்னு நெனைச்சேன் ஓட்னி. கொஞ்சம் சீட்டு விளையாடலாம்னு."

"அது வேற. அதுக்கு எப்ப வேணாலும் வாங்க. இந்தத் தாள்ல அது இல்ல. அஸ்லாக், நீ வெள்ளிக்கிழமை. மீன் சீசன்ல எங்க இருப்பே?"

"கடல்லதான்," என்றான் அஸ்லாக்.

"அந்த மூணு மாசம் நான் கழிப்பறைக்குப் போகாம இருக்கணுமா?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி. ஒருவர் ஸ்பெயினில் குளிர்காலம் கழிப்பவர். ஒருத்தி, தன் கணவன் இதையெல்லாம் விரும்பமாட்டான் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஓட்னி யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் தாளை வைக்கச் சொன்னாள். அவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே 'வர இயலாது' என்று எழுதி, காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கடையில் அவ்வளவு சத்தமாகப் பெயர் கொடுத்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இப்படி ஒரு டுக்னாட் எங்கள் தீவில் நடந்ததே இல்லை.

பதினான்கு முடிந்தது. தாள் என் முன்னால் வந்தது.

"எழுது," என்றாள் ஓட்னி.

"நான் வருவேனே. பொய் எழுத மாட்டேன்."

"நீ வருவே. காய்ச்சல் அடிச்சாலும் வருவே. அதான் பயம். நீ சும்மா வந்தா தண்ணி சுடுதுன்னு நான் எப்படிச் சொல்றது? லேட்டா வந்தா எப்படிக் கத்துறது? உன்னைப் பிடிக்கலேன்னா வேலையை விட்டு நிப்பாட்ட முடியுமா? நன்றி, நன்றின்னு சொல்லிக்கிட்டே கெடக்கணும். அந்த இல்லத்துல ரெண்டு வருஷம் சொல்லிப் பாத்தாச்சு. திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை நன்றி சொல்லணும். இனிமே என்னால முடியாது மார்கிட்."

பதினான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். முதுகுவலி என்று எழுதினேன். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் தாளோடு மேல்முறையீடு போனது. மே மாதக் கடைசியில் மேல் அலுவலகத்தின் பதில் வந்தது: அறுபத்தொரு மணி நேரமும் தொடரும், 'விண்ணப்பதாரரின் ஊரில் நம்பக்கூடிய உதவி எதுவும் இல்லை என்பது ஐயமின்றித் தெரிகிறது.' ஓட்னி அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், இங்குன் இதில் என்ன கண்ணி வைத்திருப்பாள் என்று மறுபடி படிக்கச் சொன்னாள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தைத் துடைத்துவிட்டேன்.

தூர்லைஃப் இன்றுவரை கடையில் என்னைக் கண்டால் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நம்பக்கூடியவர்கள் யாரும் இல்லாத ஊர் என்று எங்கள் தீவைப் பற்றி அரசாங்கமே எழுதிவிட்டது. அதற்கு ஆதாரமாகப் பதினைந்து கையெழுத்துகள். அதில் முதல் வரியில் இருப்பது என்னுடையது. என் முதுகுவலி பொய், சம்பளம் இல்லாமலும் நான் வந்துவிடுவேன் என்று ஓட்னிக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு என்னைப் போடுவதில்லை. வேறொரு பெண் வருகிறாள்.