ஓடுகிற மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்தவர்கள்

இராசமலருக்கு அந்தத் தகரப் பெட்டியைக் கண்ணில் காட்டக் கூடாது. கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசத்தில் ஒரு நாளாவது அதை நல்ல கண்ணால் பார்த்தவளில்லை. பழைய பிஸ்கற் பெட்டிதான், மூடியில் குதிரை வண்டிப் படம். "உந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கடலிலை எறியுங்கோ, இல்லாட்டி நான் எறிவன்" என்று மாசத்துக்கு ஒருதரம் சொல்லுவாள். புருசன் கனகரத்தினம், பெரியகடையில் மணிக்கூடு திருத்துகிறவர், கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே "ஓம், ஓம்" என்பார். எறிந்தாரா மனுசன்? எறிந்திருந்தால், எண்பத்தொன்றாம் ஆண்டு ஆவணி மாசம் பொலிஸ்காரர் வந்து அலுமாரியைக் கவிழ்த்தபோது நாலு வேட்டியும் ஒரு குடையும்தான் விழுந்திருக்கும்.

விழுந்தது பெட்டி. அதற்குள் ஐம்பத்திரண்டு சின்னங்கள். நங்கூரம், கிரீடம், சிறகு, வாள், பீரங்கி, எல்லாம் படைச் சின்னம். கூடவே ஒரு கொப்பி. அதில் கனகரத்தினத்தின் முத்தான கையெழுத்தில் கப்பல்களின் பெயர், படைப்பிரிவுகளின் பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும்? அதற்கு முதல் கிழமைதான் கந்தளாய்ப் பக்கம் யூனிபோம் போட்ட நாலுபேர் ஒரு லொறியை மறித்துக் கொள்ளையடித்திருந்தார்கள். யாருக்கு இதெல்லாம் கொடுக்கிறாய், எங்கே எடுத்தாய் என்று உலுக்கி, அறுபது வயதுக்காரரை, ஈளை இழுக்கிற மனுசனை, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சின்னங்களின் கதையே வேறு. உலக யுத்த காலத்தில் ஊர்த் துறைமுகம் நிறைய வெள்ளைக்காரன் கப்பல், சீனன்குடாவில் அவன் விமானம். ஊர்ப் பெட்டைகள் உடுப்பு வெளுக்கவும், ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலைக்கும், கோழி முட்டை விற்கவும் அங்கே போய்வந்தார்கள். படைக்குப் போன வெள்ளைக்காரனிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் படையின் சின்னத்தை வெள்ளியிலோ சிப்பியிலோ சின்னதாகச் செய்வித்து, பின்னால் ஊசி வைத்து, நெஞ்சில் குத்திக்கொள் என்று காதலிக்கு அனுப்புவான். அங்கே அனுப்ப ஆளில்லாதவன் இங்கே இருந்தவளுக்குக் கொடுத்தான். சிலது காதல், சிலது வெறும் விளையாட்டு, சிலதைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. யுத்தம் முடிந்தது, அவர்கள் கப்பலேறினார்கள், இவர்களுக்குக் கலியாணம் பேசி வந்தது. இப்போது அந்த ஊசியை என்ன செய்வது? வீட்டில் வைக்க ஏலாது. தட்டானிடம் கொடுத்தால் பின்னேரத்துக்கிடையில் கடைத்தெரு முழுக்கக் கதை. எறியவும் கை வராது, தந்தவன் எந்தக் கடலில் செத்தானோ!

அப்படி ஒருத்தி மணிக்கூட்டின் வயிற்றுக்குள் அதை ஒளித்து, நன்றாக ஓடுகிற மணிக்கூட்டைத் திருத்தவேண்டும் என்று கனகரத்தினத்திடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். "நான் கேக்கேல்லை. நீங்கள் சொல்லவும் வேண்டாம்" என்றார். அந்த ஒரு கதைதான் காதுக்குக் காது போயிற்று. அதற்குப் பிறகு சாம்பல்தீவு, நிலாவெளி, கிண்ணியா என்று எங்கிருந்தெல்லாமோ ஓடுகிற மணிக்கூடுகள் திருத்த வந்தன.

எது யாருடையது என்று தனக்கே தெரியக்கூடாது என்பதில் அவர் வலு கவனம். முதலாவதுக்குப் பிறகு, வந்த கையோடு எதையும் திறக்கமாட்டார். பழுதானது, பழுதாகாதது எல்லாம் ஒரே றாக்கையில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் கலைத்து முகங்குப்புற அடுக்கி, மூடிகளைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரே தட்டில் கொட்டுவார். "எனக்குத் தெரிஞ்சால் ஒருநாள் வாயிலை வந்திடும்" என்பார். பிறகு எறிவதாகத்தான் எண்ணம். ஆனால் பூதக்கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்துவிட்டாரே! வெள்ளி ரூபாயை அறுத்துச் செய்த நங்கூரம், சிப்பியில் பதித்த கிரீடம், உடைந்த விமானத்தின் கண்ணாடியை அரத்தால் தேய்த்துச் செய்த இதயம். பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்லிய பிரசால் துடைப்பதும், உடைந்த ஊசிக்குப் புது ஊசி பொருத்துவதும், எந்தக் கப்பலின் சின்னம் என்று தேடிக் கொப்பியில் எழுதுவதுமாக முப்பது வருசம் ஓடிற்று. ஒரு பெண்ணின் பெயர்கூட அந்தக் கொப்பியில் இல்லை.

இராசமலரும் ஒருகாலத்தில் மணிக்கூட்டோடு அந்தக் கடைக்கு வந்தவள்தான். தகப்பன் உப்புவெளியில் கோழி வளர்த்தவர். அவருடைய அலாரம் மணிக்கூடு நின்றுபோக, நாற்பத்தெட்டில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதுவும் மற்றவற்றோடு றாக்கைக்குப் போய்த் திருந்தி வந்தது. அடுத்த வருசம் திருத்தியவரே பெண் கேட்டு வந்தார். அந்த மணிக்கூடு இன்றைக்கும் அவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

பொலிசில் கனகரத்தினம் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். "இது பொம்பிளையளின்ரை நகை, ஐயா." எந்தப் பெண், பெயரைச் சொல் என்றால் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்த கொன்ஸ்டபிள் பாயிஸ், முஸ்லிம் பெடியன், நல்ல பெடியன், வாசலில் நின்ற இராசமலரிடம் மெல்ல வந்தான்.

"அம்மா, சனிக்கிழமை காலையில கொழும்புக்குக் கொண்டுபோறாங்க. அதுக்குப் பிறகு எங்க வைப்பாங்க எண்டு எனக்கே தெரியா. ஒரேயொரு பொம்புள வந்து, இதில ஒண்டக் காட்டி, இது எண்ட சாமான் எண்டு சொன்னாப் போதும். அதுக்கு ஒரு அடையாளமும் சொல்லணும். பெரியவர் பேர் சொல்றாரில்லையே!"

"அவர் சொல்லார் தம்பி" என்றாள் இராசமலர்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியாதா? கடைக்குப் பின்னால்தானே வீடு. தேத்தண்ணி கொண்டுபோகும்போது, ஓடுகிற மணிக்கூட்டோடு வியர்த்துக்கொண்டு நின்ற முகங்களைக் கண்டவள். முதலில் நல்லம்மா வீட்டுக்கு ஓடினாள். நல்லம்மா இப்போது பெரிய ஆள், மகன் வாத்தியார், மருமகள் கச்சேரியில் அரசாங்க வேலை. கதிரை போட்டு இருத்தியவள், விசயத்தைக் கேட்டதும் வெளிறிப்போனாள்.

"எனக்கென்ன தெரியும்? எங்கடை வீட்டிலை அந்த நாளையிலை மணிக்கூடே இருந்ததில்லை."

அவள் தலைக்கு மேலேயே பழைய சுவர் மணிக்கூடு பன்னிரண்டு அடித்தது. இராசமலர் அண்ணாந்து பார்த்தாள். அதன் பெண்டுலத்தை மாற்றிக் கொடுத்ததே கனகரத்தினம்தான்.

"நல்லம்மாக்கா, உங்கடை காலிலை விழுறன். அந்த மனுசனுக்கு இரவிலை மூச்சு இழுக்கும். மருந்துகூடக் குடுக்க விடுறாங்களில்லை."

"போயிட்டு வா பிள்ளை. மருமகள் சாப்பிட வாற நேரம்" என்று நல்லம்மா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை முழுக்க இதே பாடுதான். ஒருத்தி வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லையென்றாள். ஒருத்தி அழுதாள், ஆனால் வரமாட்டேன் என்றாள். ஒருத்தி செத்து இரண்டு வருசம். வெள்ளிக்கிழமை காலை இராசமலர் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் பஸ் பிடித்து, துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று, அக்கரை போய்க் கிண்ணியாவில் றுக்கியாவின் வீட்டைத் தேடிப் பிடித்தாள். கடைசி ஆள் அவள்தான்.

றுக்கியா அவளைக் கண்டதுமே அடையாளம் பிடித்துவிட்டாள். விசயத்தைக் கேட்டதும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைக் காட்டினாள். சுவரில் யூனிபோமோடு ஒரு படம். பாயிஸ்!

"எண்ட மகன், புள்ள. அவன்தானே அங்க பேச்சு மாத்திக் குடுக்கிறவன். அவனுக்கு முன்னுக்கு நின்டு நான் எப்பிடிச் சொல்லுற?"

இராசமலர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். றுக்கியாவும் பக்கத்தில் குந்தினாள். ஏன் சொன்னாளோ, முப்பத்தேழு வருசம் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினாள்.

"எனக்குப் பதினஞ்சு வயசு. வாப்பாவோட சீனன்குடாவுக்கு முட்டை குடுக்கப் போற. ஜிம்மி எண்டு ஒருத்தன், எப்பவும் சிரிச்ச முகம். கையக்கூடத் தொடல்ல, அல்லா அறிவான். விமானக் கண்ணாடியில இதயம் செஞ்சு, நடுவில சிறகு வெச்சுத் தந்தான். பின்பக்கம் ஊசியால ஒரு முட்டைப் படம் கீறி இருந்திச்சு, என்னச் சிரிக்க வைக்க. நானும் சிரிச்சன். ரெண்டு நாளையில அவன் போன விமானம் திரும்பி வரல்ல."

அவள் இராசமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால ஏலா புள்ள. என்ன மன்னிச்சிரு."

திரும்பிவரும் பாதைப் படகில் நின்றுகொண்டு இராசமலர் அந்த முட்டையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பொலிஸ் வாசலில் வான் ஆயத்தமாக நின்றது. மேசையில் பேப்பர் விரித்து ஐம்பத்திரண்டையும் பரப்பியிருந்தார்கள். கனகரத்தினத்தை ஒரு கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். மூன்று நாள் தாடி, நெஞ்சு விசில் அடித்தது. இராசமலர் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"தம்பி, ஐயாவிட்டைச் சொல்லு. இதிலை ஒண்டு என்ரை."

பாயிஸ் திடுக்கிட்டான். சொன்னான். இன்ஸ்பெக்டர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். எது?

"விமானக் கண்ணாடியிலை செய்த இதயம். நடுவிலை சிறகு. நான் தொடேல்லை, ஐயாவே எடுத்துத் திருப்பிப் பாக்கட்டும். பின்னுக்கு ஊசியாலை கீறின ஒரு முட்டை இருக்கும்."

இன்ஸ்பெக்டர் தேடி எடுத்தார், திருப்பினார், யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இருந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். யார் தந்தது?

"ஜிம்மி எண்டு ஒரு வெள்ளைக்காரன். நாங்கள் கோழி வளர்த்தனாங்கள். நான் முட்டை குடுக்கப் போறனான். எப்பவும் சிரிச்ச முகம்."

பாயிஸ் மொழிபெயர்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அம்மா, இத அப்பிடியே சொல்லட்டா? நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். இங்க நிக்கிறவங்க எல்லாரும் ஊர் ஆக்கள்."

குனிந்த அந்த முகத்தில் அப்படியே றுக்கியாவின் மூக்கு. "சொல்லு தம்பி. ஒரு சொல்லும் விடாமல் சொல்லு" என்றாள் இராசமலர்.

சொன்னான். தன் தாயின் கதையை, தாயின் கதை என்று தெரியாமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னான். இராசமலர் அந்த இதயத்தை வாங்கி, எல்லாரும் பார்க்கத் தன் சேலைத் தலைப்பில் குத்திக் காட்டினாள். தொப்பியிலோ தோளிலோ தைக்கிற சாமான் இல்லை, பெண்கள் குத்துகிற ஊசி என்று அதற்குப் பிறகு ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கனகரத்தினத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தானா இந்தக் கிழவன் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான்? மற்றவர்களும் சிரித்தார்கள். பாயிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, போ என்றுவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதே கடைத்தெருவில் இரண்டுபேர் கதையை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும், எரிந்து போகட்டும்! அவளுக்கு ஒரே ஆள்தான் கணக்கு. வீட்டுக்குப் போனதும் இந்த மனுசன் சிரிப்பார், எடியே, எங்கை படிச்சனி உந்தப் பொய்யை என்று கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் முகம் கழுவினார். மருந்து குடித்தார். வேட்டி மாற்றினார். கேட்கவில்லை.

"இஞ்சரப்பா, அது என்ரை இல்லை. உங்களை வெளியிலை எடுக்கச் சொன்ன பொய்."

கனகரத்தினம் தலையாட்டினார். பெட்டியைத் திறந்து, பஞ்சை விரித்து, அவள் சேலையிலிருந்து அந்த இதயத்தை நோகாமல் கழற்றினார். பின்பக்கம் திருப்பி முட்டையைப் பார்த்தார். பிறகு அவர் கண் அலுமாரிக்கு மேலே, நாற்பத்தெட்டில் அவள் கொண்டுவந்த அலாரம் மணிக்கூட்டுக்குப் போயிற்று.

"அது நிண்டுபோன மணிக்கூடு! சத்தியமாய் நிண்டுபோன மணிக்கூடு!" என்று இராசமலர் கத்தினாள். "உங்களுக்குத் தெரியாதே?"

அவருக்கு எப்படித் தெரியும்? எது எந்த மணிக்கூட்டுக்குள் இருந்தது என்று தெரியக்கூடாது என்றுதானே எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டியவர். றுக்கியாவின் பெயர் அவள் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். சுவரில் இருந்த பாயிசின் படம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

கனகரத்தினம் அவள் தலையில் கையை வைத்தார். கோபமில்லை, வெறுப்பில்லை. ஓடுகிற மணிக்கூட்டோடு வந்த எத்தனையோ பெண்களைத் தேற்றிய அதே குரல்.

"நான் கேக்கேல்லை. நீ சொல்லவும் வேண்டாம்."

"கேளுங்கோவன்! ஐயோ, என்னட்டையாவது ஒருக்கால் கேளுங்கோவன்!"

அவர் பெட்டியை மூடிக்கொண்டு கடைப்பக்கம் போனார்.