மைக் அக்கா அனுப்பிய பதினொரு லிங்க்

பேருந்து நிலையத்தில் பதினேழு வருடம் அறிவிப்பு செய்தவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவள் சொன்னால், பெஞ்சில் குறட்டை விடுகிறவன்கூட எழுந்து மூட்டையைத் தூக்குவான். மிரட்டாத, கெஞ்சாத குரல். பிறகு நிர்வாகம் ஒரு மெஷினை வாங்கி வைத்தது. அது போன வண்டியை வருகிறது என்று சொல்லும், ஆனால் சம்பளம் கேட்காது பாருங்கள். மைக் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே அறிவிப்பு அறையில் அடுத்த ஷிஃப்ட் பார்த்தவள் அவளுடைய தோழி. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு ஷிஃப்டும் பார்ப்பாள், அப்படிப் பழகியவர்கள். தோழிக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வாசிப்பவர்களை ஒருங்கிணைக்கும் வேலை, நடுநடுவே அவளே வாசிக்கவும் செய்தாள்.

“நீ ஏன்டி வீட்ல உட்கார்ந்து ஈ ஓட்டிட்டு இருக்கே? அரை மணி நேரம் ஏதாவது கதை வாசிச்சு அனுப்பு. நான் உள்ளே பேசறேன்” என்றாள் தோழி.

மைக் அக்காவுக்கு உயிர் வந்தது. துணி அலமாரியைக் காலி செய்து, உள்பக்கம் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். எலக்ட்ரீஷியனான அவள் வீட்டுக்காரர் உள்ளே ஒரு சின்ன விளக்கு மாட்டிக் கொடுத்தார். வியர்க்க வியர்க்க வாசித்து முடித்தால், ஃபைல் முந்நூறு எம்.பி. வந்து நின்றது. மெயில் இருபத்தைந்துக்கு மேல் ஒரு துளி வாங்க மாட்டேன் என்றது.

“சுருக்கி மட்டும் அனுப்பிடாதே, குரல் நசுங்கிடும். பெரிய ஃபைல் அனுப்பறதுக்குன்னே ஒரு தளம் இருக்கு. அதுல ஏத்து, லிங்க் வரும். கம்பெனி மெயிலுக்குப் போட்டா தடுத்துடும், எனக்கு அனுப்பு. நான் இறக்கிக் கொடுத்துடறேன். ஆனா ஏழு நாள்தான் லிங்க் உயிரோட இருக்கும்.”

ஏழு நாள் இருக்கட்டும், ஏற்றுவதற்கே அரை நாள் ஆனது. அதுவரை வீட்டில் வேறு யாரும் இன்டர்நெட்டைத் தொடக் கூடாது. வீட்டுக்காரர் பாத்ரூமுக்குள் ஒளிந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து, அகப்பட்டு, திட்டு வாங்கினார்.

பத்து நாள் கழித்து தோழி போன் செய்தாள். “எல்லாரும் கேட்டாங்கடி. குரல் ரொம்பக் கனமா இருக்காம். பஸ் ஸ்டாண்டு வாடை அடிக்குதுன்னு ஒருத்தர் சொன்னாரு. கொஞ்சம் மென்மையா முயற்சி பண்ணு.”

மைக் அக்கா மென்மையாக்கினாள். அடுத்த லிங்க் போனது. மூச்சுச் சத்தம் கேட்கிறதாம். மூச்சை அடக்கப் பழகினாள். அதற்கடுத்து, குரலில் வயது தெரிகிறதாம். குளிர்ந்த தண்ணீரை விட்டாள், புளிப்பை விட்டாள், காலையில் அரை மணி நேரம் வாயே திறக்காமல் இருந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தோழி ஒரு குறையைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் இவள் நன்றி சொன்னாள். உண்மையைச் சொல்ல உலகத்தில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு. அவர்தான் ஒருநாள் சொன்னார், “சாப்பிடக் கூப்பிடறதைக்கூட ரகசியம் மாதிரி சொல்றே. எனக்கு உன் பழைய குரல்தான் பிடிச்சிருந்தது.” ஒயர் இழுக்கிறவருக்குக் குரலைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்படி இரண்டு வருடத்தில் பதினொரு லிங்க் போனது.

பன்னிரண்டாவதை அனுப்ப உட்கார்ந்தபோது, மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, பழையதை அழி என்று திரையில் வந்தது. விளம்பர மெயில்கள் தானாகப் போய் விழும் தனிப் பெட்டியை முதல்முறையாகத் திறந்தாள். லாட்டரி, கடன், முடி கொட்டுவதற்கு எண்ணெய். நடுவில் அந்த ஃபைல் அனுப்பும் தளத்திலிருந்து வரிசையாகக் கடிதங்கள். ‘உங்கள் ஃபைலை இன்னும் யாரும் இறக்கவில்லை. நாளை காலாவதியாகும்.’ மறுநாள் தேதியில் இன்னொன்று: ‘காலாவதியாகிவிட்டது. டவுன்லோடு: 0.’

ஒரு லிங்க்குக்கு இரண்டு கடிதம். இருபத்திரண்டையும் திறந்தாள். எல்லாவற்றிலும் பூஜ்யம்.

கேட்காமலே குறை சொல்ல ஒருத்தியால் முடியுமா? முடிந்திருக்கிறதே! கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள், பாவி. கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடிப் போய்ப் பார்த்தால், அங்கே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: வாசிக்க விரும்புகிறவர்கள் இரண்டு நிமிட மாதிரியைச் சுருக்கி, மெயிலிலேயே அனுப்பலாம். இரண்டு நிமிடம் சுருக்கினால் இரண்டு எம்.பி.கூட வராது.

போன் போட்டாள்.

“ஒண்ணையாவது கேட்டியாடி?”

“எதை?”

“நான் அனுப்பினதை. பதினொண்ணுல ஒண்ணு.”

“உன் குரலைக் கேட்டுத்தான் தெரியணுமா எனக்கு? பதினேழு வருஷம் கேட்டவ நான்” என்றாள் தோழி. “நீ உள்ளே வந்தா, அப்புறம் வாசிக்க என்னை யாருடி கூப்பிடுவாங்க?”

மைக் அக்கா போனை வைத்தாள். வேலை கிடைக்கவிடாமல் செய்ததைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டே குறை சொன்னாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். போர்வைகள் சத்தத்தை வெளியே விடவில்லை.

மறுநாள் முதல் பதிவிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி, சுருக்கி, கம்பெனிக்கே அனுப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் பதில் வந்தது: இப்படி ஒரு குரலைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், நேரில் வாருங்கள்.

கம்பெனிக்குப் போனாள். தோழி அன்று விடுப்பு என்றார்கள். கண்ணாடி அறைக்குள் மைக் அக்காவை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ஒலிப்பதிவாளர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

“அனுப்பினீங்கல்ல, அதே மாதிரி வாசிங்கம்மா.”

வாசித்தாள். அவர் நிறுத்தினார். மறுபடி வாசித்தாள். மூச்சை அடக்காமல், மென்மையாக்காமல், பயப்படாமல் வாசிக்கத்தான் பார்த்தாள். குரல் தானாகவே ஒடுங்கிக்கொண்டது. மூன்றாவது முறையும் நிறுத்திவிட்டு, அவர் அந்த இரண்டு நிமிடத்தை ஓடவிட்டார். காதுக்குள் அந்தப் பழைய குரல், மிரட்டாமல் கெஞ்சாமல் கதை சொல்லிக்கொண்டு போனது.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இது உங்க குரல்தானே?”

“என்னோடதுதான்” என்றாள்.

“கேக்கலம்மா” என்றார் அவர். “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”