கம்பளியை மோந்து பார்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடுகளில் யாராவது தன்னை மட்டும் உத்தமியாக்கிக்கொண்டு ஊரையெல்லாம் குறை சொன்னால், "மொதல்ல ஒங்க கம்பளிய மோந்து பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். இந்தப் பேச்சு பிறந்தது விசாலாட்சியால். அதில் வயிறெரிந்தவள் கருப்பம்மா.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை லயத்தில் மீன், கருவாடு எதுவும் கூடாது. போன வருஷம் காப்புக் கட்டிய மறுநாளே, மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்துவிட்டு வந்த விசாலாட்சி, அப்படியே வாசல் வாசலாக நின்று மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் கருப்பம்மா வீட்டு அடுப்படியில் போய் நின்றவள் நகரவேயில்லை.

"கருவாட்டு வாடை அடிக்குது. ஒம் மக பால்குடம் எடுக்கக் கூடாது. தலைவர்கிட்ட சொல்லத்தான் போறேன்."

வாடை கருப்பம்மாவுக்கும் அடித்தது. மகள் துஷாந்தி பதுளை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடியபோது நேர்ந்துகொண்ட குடம் அது. நேர்த்தி தவறினால் அம்மன் சும்மா விடுவாளா? இது எவள் செய்த வேலை? பக்கத்து வீட்டுக்காரி கூரையில் செருகிவிட்டாளா? புருஷன் திருட்டுத்தனமாகத் தின்றானா? சட்டி பானையெல்லாம் புரட்டினாள். ஒன்றும் சிக்கவில்லை. பாழாய்ப்போன சந்தேகம் அதோடு நிற்குமா? பண்டாரவளைக் கடையில் வேலை செய்யும் மகளின் பையையும் அவள் கண்முன்னாலேயே பாயில் கொட்டிக் கிளறினாள். துஷாந்தி கொட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

பால்குடத்தன்று காலை, தூறலில் விசாலாட்சி தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னும் அடிக்குது பாருங்க."

துஷாந்திதான் கேட்டாள். "அத்த, அந்தக் கம்பளிய வெளிய வச்சிட்டு உள்ள வாங்களேன்."

தலையில் போட்டிருந்த கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போன விசாலாட்சி மோந்தாள், மறுபடி மோந்தாள், வாடையே இல்லை. வாசலில் கிடந்த கம்பளியைத் தலைவர் மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். காப்புக்கு முன்னால் லுணுகலையில் வாங்கிய கருவாட்டை மழைக்கு அதில் சுருட்டி வந்தது தான்தான் என்று கூட்டத்தில் நின்ற விசாலாட்சியின் புருஷன் ஜெயராசா தலையைச் சொறிந்தான். லயமே சிரித்தது. விசாலாட்சி மட்டும், வேறு யாரோ தன் கம்பளியைத் தொட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கருப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தை மகள் தலையில் தூக்கி வைக்கப் போனாள். துஷாந்தி அவள் கையை விலக்கினாள்.

"அவங்க ஊரான் புள்ளயத்தான் சந்தேகப்பட்டாங்க. நீங்க பெத்த புள்ளய சந்தேகப்பட்டீங்கம்மா."

குடத்தைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.