வேகத்தடைக்கு வந்த ஆர்டர்

என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது, திருநின்றவூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்கு அவளை ஸ்கூட்டரில் பரிசோதனைக்கு அழைத்துப் போவேன். “வண்டி தூக்கிப் போடாம பார்த்து ஓட்டுங்க” என்று டாக்டரம்மா சொன்னதை நான் கொஞ்சம் அதிகமாகவே மனத்தில் வாங்கிக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வருகிற உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைப்பதுதான் நாள் முழுக்க. அந்தப் பழக்கத்தில் வழியிலிருந்த வேகத்தடைகளையும் பிரிக்க ஆரம்பித்தேன். எது வழுக்கிக்கொண்டு இறங்கும், எது முதுகைப் பதம் பார்க்கும், எதில் வெள்ளைக் கோடு அழிந்துவிட்டது என்று ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நான் படமெடுப்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பிக் காட்டுப்பாக்கம் வரைக்கும் போயிருக்கிறேன். காய்கறி அங்கேயும் கிடைக்கும் என்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

குழந்தை முதல்முறை குப்புறக் கவிழ்ந்த அன்று மனைவி என் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். இடம் இல்லை என்று போன் சொல்லிவிட்டது.

“போன் முயுக்க ரோட்டு மேடாவே கீது. கொயந்த குப்புற கவுந்துச்சி, ஒரு போட்டோ எடுக்க முடியல. இதயெல்லாம் எங்கனா கொண்டு போயி கொட்டுங்க” என்றாள்.

அழித்துவிட மனம் வரவில்லை. அவளுடைய தம்பி, என் மச்சான், ஆவடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறான். அவனிடம் யோசனை கேட்டேன்.

“வெப்சைட் போட்டுரலாம் மாமா” என்றான். “நீ மட்டும் பாத்துகினு இருந்தா இன்னா பிரயோஜனம்? ஊரே பாக்கட்டும்.”

முதலில் இலவசமாக இடம் தருகிற ஒன்றில் போட்டோம். தள முகவரி அவ்வளவு நீளம், ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இலவசம் என்பதால் விளம்பரங்களும் வந்தன. ஒவ்வொரு வேகத்தடைப் படத்துக்குப் பக்கத்திலும் முதுகுவலித் தைலம். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தைலக்காரனுக்கும் எனக்கும் என்ன ஏற்பாடு என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதோடு அந்த இலவச இடத்தை விட்டுவிட்டேன்.

“இனாமா குடுக்கிறவன் அவன் இஷ்டத்துக்குத்தான் ஆடுவான். நம்ம ஊட்லயே வெச்சிக்கலாம் மாமா” என்று மச்சான் தன் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்தான். இனி இதுதான் சர்வர், ராத்திரி பகல் அணைக்கவே கூடாது என்றான். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடுகிற பிளக் பாயின்ட் வீட்டில் ஒன்றுதான், அது குழந்தையின் தூளிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே சர்வர் தூளிக்குப் பக்கத்தில் குடியேறியது.

அது ஓயாமல் முனகிக்கொண்டே இருந்தது. மனைவி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, அதுவரை யார் ஆட்டினாலும் தூங்காத குழந்தை அந்த முனகலைக் கேட்டதும் கண்ணை மூடியது. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு வீட்டில் என்னைவிட மரியாதை.

இணையதளம்தான் சரியாக ஓடவில்லை. இணைப்பு அறுந்து திரும்பி வரும்போதெல்லாம், வெளியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரைத் தேடி வருவதற்கான எண் மாறிவிடும். தளம் காணாமல் போகும்.

“நம்ம அட்ரஸ மாத்திகினே கீறானுங்க” என்று மச்சான் புலம்பினான்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “ஊட்டுக்காரம்மா காலைல கூட பேசிகினு இருந்துச்சே. காலி பண்ணச் சொல்லி ஒன்னும் சொல்லலியே.”

சரிசெய்ய வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். அணைத்தால் குழந்தை எழுந்து வீறிடும். விழித்திருக்கும்போது பார்க்கலாம் என்றால் அது உருண்டு வந்து ஒயரைப் பிடித்து இழுக்கும். குழந்தை தூங்கவும் கூடாது, விழித்திருக்கவும் கூடாது என்ற நிலையில்தான் பழுது பார்க்க முடியும். அப்படி ஒரு நேரம் எங்களுக்கு வாய்க்கவேயில்லை.

கடைசியில் பணம் கட்டி இடம் வாங்குவது என்று முடிவு செய்து, இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். இனிமையாகப் பேசும் ஒரு பெண் எடுத்தார்.

“என்ன பிசினஸ் சார்?”

“பிசினஸ் இல்லம்மா. வேகத்தடை.”

“தயாரிக்கிறீங்களா, சப்ளையா சார்?”

“ரோட்டுல இருக்கிறதத்தான் படம் எடுத்துப் போடுறேன்.”

தட்டச்சுச் சத்தம் கேட்டது. “சர்வீஸ்னு போட்டுக்கறேன் சார்” என்றார்.

அந்தக் கம்பெனி தயாராக வடிவமைத்த பக்கங்களையும் கூடவே கொடுத்தது. கல்யாண மண்டபத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று. பொருள் விற்கும் கடைகளுக்கென்று செய்திருந்ததை மச்சான் தேர்ந்தெடுத்தான். அதில் படம் பெரிதாக வந்தது, கீழே நட்சத்திரம் போட்டு மதிப்பிடவும் வசதி இருந்தது. எனக்கும் நட்சத்திரங்கள் மேல் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘வாங்க’ என்று ஒரு பொத்தான் இருந்ததுதான் இடைஞ்சல். அதை எடுத்தால் பக்கமே சரிந்து விழுந்தது.

“இருந்துட்டுப் போட்டும் மாமா. வாங்கன்னா வரவேற்கிறோம்னு நெனச்சிப்பாங்க. ரோட்டு மேட்ட எவன் வாங்கப் போறான்?” என்றான்.

ஒரு மத்தியானம் தொழிற்சாலை கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. புதிய ஆர்டர். பொருள்: காட்டுப்பாக்கம் பள்ளிக்கூட வாசல் வேகத்தடை, ஒன்று. இறக்க வேண்டிய இடம்: சென்னீர்குப்பத்தில் ஒரு டீக்கடை. பணம், சரக்கு கைக்கு வந்த பிறகு.

மன்னிப்புக் கேட்கலாம் என்று அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்து, வேகத்தடை ஆர்டர் விஷயம் என்று ஆரம்பித்தேன்.

“வண்டி வந்துச்சா? எங்க கீறீங்க?” என்றது ஒரு கரகரத்த குரல். நான் விளக்குவதற்குள், “நேரா வந்துரு நைனா, கடைல கூட்டம்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் நரைத்த தாடி வைத்த பாய். எங்களுக்குப் பின்னால் லாரி ஏதும் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார். பிறகு இரண்டு டீயை நீட்டினார்.

“ரோட்ட புச்சா போட்டதுலேர்ந்து எல்லாம் அம்பு கணக்கா பறக்கிறானுங்க. வேகமா போறவன் டீ குடிப்பானா? கட கீதுன்னு அவன் பாக்கறதுக்குள்ள கட பின்னாடி போயிடுது” என்றார். “எனக்கு அந்த காட்டுப்பாக்கம் மாடல் போதும். நாலு ஸ்டார் போட்டு கீறியே. வண்டியும் கெடாது, ஆளும் நிப்பான்.”

நாங்கள் விற்பவர்கள் இல்லை, இது சும்மா ஆசைக்குச் செய்வது என்று சொன்னேன்.

“ஆசைக்கா? ரோட்டு மேட்டயா?”

“ஆமா பாய்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மச்சான், பேச்சை முடித்து வைக்கிறேன் என்று, “ஸ்டாக் இல்ல பாய்” என்றான்.

“அப்டி சொல்லு” என்று பாய் தெளிவடைந்தார். “வந்தா மறக்காம எனக்குப் போட்டுடு.”

அந்த வாரமே கடைப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, இணையத்தில் கிடைத்த பாடங்களைப் பார்த்து, வெறும் பக்கங்களை நானே எழுதக் கற்றுக்கொண்டேன். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் எல்லா எழுத்தும் சாய்ந்து போகும். தேடிக் கண்டுபிடித்து மூடுவேன். வெள்ளைப் பக்கம், ஒரு படம், கீழே இரண்டு வரி. பொத்தான் இல்லை. முதல் பக்கம் என் போனில் திறந்தபோது, மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவரிடம் காட்டினேன். படத்தைப் பார்த்து, “வேப்பம்பட்டுப் பக்கமா?” என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போது இணையதளம் எதுவும் இல்லை. குழந்தைக்காக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து சாலையில் ஒட்டுப்போடும் வேலை நடந்த சமயம் பாயிடமிருந்து போன் வந்தது.

“சரக்கு வந்துச்சி நைனா. ஆனா அட்ரஸ் தப்பு. ரெண்டு கட தள்ளி எறக்கிட்டானுங்க.”

போய்ப் பார்த்தேன். யாரோ, எதற்கோ போட்ட வேகத்தடை, ஜூஸ் கடைக்கு நேராக நின்றது. வண்டிகள் ஜூஸ் கடையில் தயங்கி ஏறி இறங்கி, பாயின் கடையைத் தாண்டும்போது பழையபடி சீறின.

“எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பாய்” என்றேன்.

“தெரியும்பா. நீ ஆசைக்கு செய்யறவன். ஆனா மேட்டப் பத்தி பேசறதுக்கு எனக்கு வேற யாரு கீறா?” என்றார். “இத உன் வெப்சைட்ல போடுவ இல்ல? எறங்குன ஒடனே டீக்கட கீதுன்னு சேத்துப் போடு.”

அங்கேயே நின்று படமெடுத்து, இரண்டு வரி எழுதி ஏற்றிவிட்டுக் காட்டினேன். ‘இறங்கும் பக்கம் செங்குத்து. இறங்கியதும் இடப்பக்கம் டீக்கடை.’ பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“அந்த செங்குத்த எடுத்துடு. வர்றவன் பயந்துக்குவான்.”

“அது அப்படித்தானே இருக்கு பாய்.”

அவர் கல்லாவை விட்டு இறங்கி, வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, வேகத்தடை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். மறுபடி ஏறி இந்தப் பக்கம் இறங்கினார். நின்ற வண்டிகளில் ஒன்றிரண்டு ஹாரன் அடித்தன. அவர் அவசரப்படாமல் கடைக்குத் திரும்பி வந்து பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“செங்குத்துதான். இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எனக்கு டீ ஆற்ற ஆரம்பித்தார்.