சோடாபுட்டி படித்த எண்

நாத்தனார் வீட்டில் பழைய மர அலமாரியை நகர்த்தும்போது என் உள்ளங்கையில் சிலாம்பு ஏறிவிட்டது. "சோடாபுட்டியக் கூப்பிடுங்க!" என்று ஒரே சத்தம். அந்தப் பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். வந்தவள் நாத்தனாரின் மூத்த ஓரகத்தி, தையல் கடையில் காஜா எடுப்பவள். தடித்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு என் கையில் முட்டும்படி குனிந்தாள். சிலாம்பு வந்துவிட்டது. தூரத்தில் நிற்பது ஆளா கம்பமா என்று கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. கிட்டத்தில் என்றால் எறும்பின் மீசைகூடத் தெரியும்.

அந்த மலையூர் ஏரிக்கரையில் வலை கட்டிக் குருவி பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடும் குழு ஒன்று உண்டு. பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போவாள். சம்பளம் கிடையாது. ஒரு குளிர்காலத்தில், ஏற்கெனவே வளையம் போட்ட குருவி ஒன்று சிக்கியது. எண்ணைப் படித்து எழுதினாள். இன்னொருவரும் படித்துச் சரிபார்த்த பிறகே விட வேண்டும் என்பது விதி. குருவி உப்பிக்கொண்டு நடுங்கவே, மனசு கேட்காமல் அதற்கு முன்பே விட்டுவிட்டாள்.

குழுத் தலைவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். "இது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட வளையம்மா. இத்துனூண்டு குருவி அவ்வளவு நாள் இருக்குமா? தப்பாப் படிச்சிருக்கீங்க." எழுதியதை அடித்தார். "இனிமே நீங்க பை தூக்குங்க, போதும்."

நாத்தனார் புருஷன் வேறு, "அண்ணி, குருவியா காக்காவான்னாச்சும் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன் தம்பி. உங்களவிட லட்சணமா இருந்துச்சு."

வாய் அப்படிப் பேசியதே தவிர, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு புல்லெல்லாம் உறைபனி. வலையிலிருந்து எடுத்த குருவிகளைத் துணிப்பைகளில் தூக்கி வந்தாள். மூன்றாவது பையில் இருந்தது வளையம் போட்ட குருவி. தலைவர் வாங்கி, எண்ணைப் படிக்கக் கையை நீட்டிப் பார்த்தார். இன்னும் நீட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்தார், அவர் மூச்சுப் பட்டே அது மங்கியது.

"கை நீளம் பத்தல போல, சார். நான் அந்தக் கரையில நின்னு புடிச்சுக்கவா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். குருவியின் காலருகே முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். குழுவில் இருந்த கல்லூரிப் பெண் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை. போன வாரம் தலைவர் அடித்த அதே எண்.

"சார், ஒன்பது வருஷம் முன்னாடி மாட்டினது யாருன்னும் பாத்துருங்க."

பார்த்தார். அந்த வரி அவள் கையெழுத்தில் இருந்தது.

தலைவர் தன் கையாலேயே அந்த எண்ணைத் திரும்ப எழுதினார். குருவி நாணல் பக்கம் பறந்தது.

இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள். மேசையருகே உட்கார்ந்து எண் படிக்கிறாள். பை தூக்குவது தலைவர்.