பதின்மூன்று வயிறுகளும் ஒரு தயிர்சாதமும்

2024 ஜூலை 15, திங்கள், காலை 7.10. வெளியே 81 டிகிரி ஃபாரன்ஹீட், காற்றில்லாத புழுக்கம். முந்தைய நாள் ஞாயிறு மதியம், வீட்டுக்கொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டிருந்தோம். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி வந்தது: "நேத்து பாட்லக் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே வாமிட்டிங். வேற யாருக்காவது?" ஏழு நிமிடம் கழித்து இன்னொருவர் கேட்டார்: "தயிர்சாதமோ?"

அவ்வளவுதான். எட்டரைக்குள் பதினொரு பேர் தயிர்சாதம் என்றார்கள். அதைச் செய்தவர் எதிர் பிளாக்கில் ஒன்பது வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக் குடும்பம் நடத்தும் பெண். கணவருக்கு மார்ச்சில் வேலை போயிருந்தது. பத்து மணிக்குள் ஒன்பது வீடும் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டன.

சென்னையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மருந்து கெட்டுப்போனால் விசாரிப்பதுதான் முப்பத்தொரு வருடம் என் வேலையாக இருந்தது. கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசியவரின் பதிலே எல்லோருக்கும் ஞாபகமாகிவிடும். தனித்தனியாகக் கேட்க வேண்டும். கெடாததையும் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டவர்கள் 38 பேர். இரண்டு நாளில் எல்லோரையும் போனில் பிடித்தேன். வயிற்றைப் பற்றிப் பேசாமல், தட்டில் என்னென்ன இருந்தது என்று முதலில் கேட்டேன்.

"நான் தயிர்சாதமே எடுக்கல அங்கிள்," என்றான் ஒருவன்.

"அப்புறம் ஏம்பா குரூப்ல அப்படிப் போட்டே?"

"எல்லாரும் போட்டாங்களே..."

அவனோடு சேர்த்து ஐந்து பேர் அப்படி. தயிர்சாதம் சாப்பிட்டும் நன்றாக இருந்தவர்கள் 19. வயிறு கெட்ட 13 பேரின் தட்டிலும் பொதுவாக இருந்தது தேங்காய்ச் சட்னி மட்டும். நன்றாக இருந்த 25 பேரில் அதைத் தொட்டவர் ஒருவர்தான்.

சட்னி எங்கள் வீட்டுடையது. மறந்துவிடுவோமோ என்று ஞாயிறு காலை எட்டு மணிக்கே அதைக் கார் டிக்கியில் வைத்தவன் நான். சாப்பாடு ஒரு மணிக்கு.

மூன்று முறை திரும்பக் கூட்டினேன், ஒரு எண்ணாவது மாறாதா என்று. மாறவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"குரூப்ல போடுங்கோ. ஆனா டிக்கியையும் சேர்த்துப் போடுங்கோ. என் கைமேல பழி வரக்கூடாது."

போட்டேன். ஒன்பது நிமிடம் கழித்து ஒருவர் எழுதினார்: "அங்கிள், போலீசும் நீங்க, திருடனும் நீங்களா?"

மாலைக்குள் ஆறு வீடுகள் திரும்பச் சாப்பாடு கேட்டன. மூன்று கேட்கவில்லை. நஷ்டத்தை நான் தருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் போனேன்.

"சும்மா வாங்க மாட்டேன் அங்கிள். அவங்க மனசுல நான்தான்னு பதிஞ்சு போச்சு, அதை உங்க கணக்கு அழிக்காது. வேணும்னா அந்த மூணு வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை நீங்க எடுத்துக்கோங்க."

புதிதாக மூன்று வீடு கிடைக்கும்வரை எடுத்தேன். ஏழு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு மூன்று டப்பா, டப்பா ஒன்பது டாலர்: 945 டாலர்.