டைமண்ட் ஹார்பர் சாலையில் ஒரு பின்சீட்டுக்காரன்

டாக்குரியாவில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரை ஊரான டைமண்ட் ஹார்பர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பைக்கில் போகிறவர்களுக்கு அது பெரிய பயணமே இல்லை. ஆனால் போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பியது ஊர் பார்க்க அல்ல. அதற்கு மூன்று மாதம் முன்பு எங்கள் பகுதி ஏரிப் பக்கம் நாய் குறுக்கே வந்து, இருவரும் விழுந்து, என் மனைவி கற்பகத்துக்கு இடது மணிக்கட்டு உடைந்துபோனது. வண்டி அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். எனக்குச் சைக்கிளுக்கு மேல் வராது. திருச்சியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் அலிப்பூர் ஆபீஸுக்கு அதில்தான் போய்வந்தாள். ஒருமுறை தூரமாக ஓட்டிப் பார்ப்பேன், கை நடுங்கினால் விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். தாராத்தலாவில் 250 ரூபாய்க்குப் பெட்ரோல். பெஹாலா முடியும்வரை நாய்கள், தெருமுனைக்குத் தெருமுனை பஞ்சாயத்து கூடியிருந்தன. ஒவ்வொன்றையும் நான் அறிவித்துக்கொண்டே வந்தேன். ஜோக்காவுக்குப் பிறகு பனிமூட்டம். ஆம்தலா தாண்டியதும் ஒரு குளத்திலிருந்து எதிர்க் குளத்துக்கு வாத்துகள் வரிசையாகப் போயின. அதற்கும் கத்தினேன். அவள் தோளை நான் இறுக்கிப் பிடித்திருந்தது எனக்கே தெரியவில்லை.

சிராக்கோலில் லாரிகளுக்குப் பயந்து ஒரு கிராமத்துச் சாலையில் இறங்கினோம். மணி 7.40 இருக்கும். குளிருக்காக யாரோ பழைய சட்டை மாட்டிவிட்டிருந்த கறுப்பு ஆடு ஒன்று, இடமிருந்து வலமாகப் பாய்ந்தது. ஆடு போய்விட்டது, இடது பக்கம் காலிதானே என்று நினைத்து, "ஆடு, ஆடு! இடது பக்கமா ஒடிச்சுப் போயிடு" என்று கத்தினேன்.

அவள் ஒடிக்கவில்லை. நேராகவே பிரேக் பிடித்து நிறுத்தினாள். அப்புறம்தான் எனக்குக் கயிறு தெரிந்தது. இடது ஓரத்து முளையிலிருந்து ஆட்டின் கழுத்துவரை, முழங்கால் உயரத்தில், ரோட்டுக்குக் குறுக்கே விறைத்து நின்றது. முன்சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி. என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை முழுதாக யோசிக்கத் தைரியமில்லை.

ஆட்டுக்காரப் பெண் ஓடி வந்து கயிற்றைத் தளர்த்தினாள். "தீதி", அக்கா, என்று கற்பகத்தைக் கூப்பிட்டு, கத்தினால் ஆடு இன்னும் மிரண்டு ஓடும் என்று வங்காளத்தில் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த டீக்கடையில் நிறுத்தினோம். மண்குவளை டீ, பத்து ரூபாய். அவள் கை நடுங்கவில்லை. என் குவளைதான் தளும்பியது. பாதி குடித்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கு அந்த நாய் தாண்டிப் போயிடுச்சுங்க. நீங்க கத்தினதுக்குத்தான் நான் பிரேக் போட்டேன்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தினமும் எனக்குத் தலை பின்னிவிட்ட ஆள்கிட்ட எப்படிச் சொல்றது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று மாதமாக அக்கம்பக்கத்து அண்ணன்மார்கள் எல்லோரிடமும் அந்த நாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

8.45க்கு டைமண்ட் ஹார்பர். ஆறு கடல் மாதிரி அகலம். மற்றதெல்லாம் என் மனதில் பதியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குளிர்காலத்தில் எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள், பனி விலகியிருக்கும். ஆடோ மாடோ கடந்துபோனால் அதன் பின்னால் கயிறு வருகிறதா என்று பாருங்கள். பின்சீட்டில் இருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளவும். எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. திரும்பும் வழியில் இரண்டு பசுக்கள், ஒரு கீரி, எண்ண முடியாத நாய்கள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

ஜோக்கா அருகே அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"பின்னாடி இருக்கீங்கதானே?"

"இருக்கேன்."

"அடுத்த வாரம் பக்காலி கடற்கரைக்குப் போலாமா? நூத்தி முப்பது கிலோமீட்டர்."

வேண்டாம் என்று தொண்டைவரை வந்தது. போகலாம் என்றேன்.